பட்டினி கிடந்தது யார், மாப்பிள்ளை?

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது.

உங்கள் மாமியாரை மூன்று வாரமாகப் பட்டினி போட்டவர் நீங்கள். இதை முதலில் எழுதிவிட்டால்தான் நலம் விசாரிக்க எனக்குக் கை வரும். நீங்களும் என் மகளும் நலம்தானே?

"புத்துநோய்க்கு இரை சர்க்கரைதான் மாமா, இரையை நிறுத்தினா அது தானா செத்துடும்" என்று ஒரு வீடியோவைக் காட்டி, பால், பழம், ரொட்டி, சோறு எல்லாவற்றையும் தடைசெய்து, பட்டியலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனீர்கள். தரை ஓடு விற்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். வைத்தியம் எப்போது படித்தீர்கள்? நான் பால் டம்ளரை நீட்டினால் இவள், "மாப்பிள்ளை சொன்னதைத் தட்டலாமா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வருடத்தில் என் சொல் ஒன்றைக்கூடத் தட்டாமல் விட்டவள் இல்லை! இன்று கீமோ ஏற்றப் போனோம். எடை ஐந்து கிலோ குறைவு. "இந்த உடம்புல மருந்து ஏத்த முடியாது, ரெண்டு வாரம் தேறட்டும்" என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டார். புற்றுக்கு நீங்கள் கொடுத்த தண்டனை, இரண்டு வார விடுமுறை.

நான் பள்ளியைத் தாண்டாதவன். நூலகத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். புற்றணுவுக்கு வேண்டிய ஏதோ ஒரு சத்தை மட்டும் அதற்கு எட்டாமல் மறிக்க ஆராய்ச்சியாளர்கள் மருந்து தேடுகிறார்கள். ஆளையே காயப்போடச் சொல்லவில்லை. சாப்பாடு நின்றால் உடம்பு தன் சதையைக் கரைத்துச் சர்க்கரை செய்கிறது. புற்று அதையும் தின்கிறது. நான் பாய்லர் ஓட்டியவன். ஒரு அடுப்பை அணைக்க அந்த அடுப்பின் வால்வைத்தான் மூடுவோம். ஆலைக்கே வரும் எரிவாயுவை அடைத்துவிட்டு மார்தட்ட மாட்டோம்.

ஓடு வியாபாரம் செழிக்க வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: இதை இவளிடம் வாசித்துக் காட்டினேன். "மாப்பிள்ளையை ஏன் திட்டுறீங்க? போன கீமோவுலேருந்து வாயெல்லாம் புண்ணு, எச்சில்கூட முழுங்க முடியல. சொன்னா அதுக்கும் கரண்டியோட துரத்துவீங்க. அவர் பேரைச் சொன்னா விட்டுடுவீங்கன்னுதான் சொன்னேன்" என்கிறாள். அதற்காகக் கடிதத்தைக் கிழிக்க மாட்டேன். ஒளிய இடம் கொடுத்தது உங்கள் பட்டியல்தான். ஆகவே, நாளைக் காலையே இவள் வாய்ப்புண்ணை டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். என் மகள் விடுப்பெடுத்துக்கொண்டு கூடவே போக வேண்டும் (அவளுக்குப் போனில் சொல்லியாயிற்று), இல்லாவிட்டால் இவள் அங்கேயும் மறைப்பாள். நான் எல்லாவற்றையும் குழைத்து, ஆறவைத்து, பக்கத்தில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து, "சாப்பிடுங்க அத்தை" என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டாள்.