இரட்டை வேகத்தில் ஒரு மெதுவான படம்

வியாழக்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை அசையாமல் உட்காருவது என்று முடிவெடுத்தேன். இது சாதாரண முடிவு இல்லை. எத்தனையோ பேர் நாற்காலியைத் துறந்துவிட்டுக் காட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான் மற்ற எல்லாவற்றையும் துறந்துவிட்டு நாற்காலிக்குப் போகவிருந்தேன்.

எனக்கு உட்கார வராது. தொழில் அப்படி. நான் லிஃப்ட் மெக்கானிக். கதவு மூட மூன்று விநாடி ஆகும். நாலாவது விநாடியில் உள்ளே நிற்பவர்கள் பொத்தானைக் குத்துவார்கள். ஐந்தாவதில் எனக்குப் போன் வரும். இருபது வருடம் இவர்களுக்கு உழைத்து நானும் இவர்களில் ஒருவனாகிவிட்டேன். சாப்பிடும்போது கால் ஆடும். படுத்தால் கட்டைவிரல் ஆடும். எங்கள் கல்யாணப் புகைப்படத்தில் மனைவி தெளிவாக இருப்பாள். பக்கத்தில் லேசாகப் புகைமூட்டம் தெரியும். அதுதான் நான்.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. "இந்த வரி தெரியுதா, இப்பத் தெரியுதா" என்று ஒரே கேள்வியை நாள் முழுக்க ஒரே குரலில் கேட்கக்கூடியவள். அவளுக்குப் பிடித்தவை இங்கிலாந்தின் பழைய காலத்துப் படங்கள். பெரிய வீடு, விடாத மழை, ஒரு குதிரை வண்டி. அதில் ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுப்பார். நாம் போய்க் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வந்தால், கோப்பை உதட்டுக்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

சரி, எதற்கு இந்தத் துறவு? எங்கள் கம்பெனி ஆட்கள் வருடா வருடம் வேன் வைத்து மூன்று நாள் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார்கள். போன வருடம் நான் கிளம்பும் நேரத்தில் ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றது. அதற்கு முந்தின வருடம் வங்கி லிஃப்ட். இந்த வருடம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேன். எனக்கு ஜன்னலோர இருக்கை. எந்த லிஃப்ட் எங்கே நின்றாலும் போவதென்று பையைக் கட்டிவைத்துவிட்டேன்.

மனைவி தடுக்கவில்லை. மீன் பிடிப்பதென்றால் அசையாமல் உட்கார வேண்டுமே, உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று மட்டும் கேட்டாள். மற்றவர்கள் பிடிப்பார்கள், நான் ஏரியைச் சுற்றி நடப்பேன் என்றேன்.

"போய்ட்டு வாங்க. அதுக்கு முன்னால ஒரே ஒரு படம் எங்கூட உக்காந்து பாருங்க. எழுந்திருக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது. முடிஞ்சதும் என்ன தோணிச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லணும். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துல ஒரு படத்தோட முடிவையும் நாம சேர்ந்து பார்த்ததில்ல" என்றாள்.

படத்தின் பெயரையும் சொன்னாள். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

முந்தின நாள் புதன்கிழமை, பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து அதே படத்தைக் கைப்பேசியில் போட்டேன். இரட்டை வேகத்தில். யாரும் பேசாத இடம் வந்தால் ஒரு தாவல். இரண்டு மணி நேரப் படம் நாற்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்தது. பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒரு விதவை. அவளுக்கு ஓர் அம்மா. அடிக்கடி ஒரு டாக்டர் ஓடி வந்து, அம்மாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு ஓடிப் போகிறார். ஒரு கடிதம் வருகிறது. விதவை பியானோவைத் துடைக்கிறாள். திரும்பவும் துடைக்கிறாள். சுத்தம் பிடித்த பெண். அம்மாவுக்கு ஏதோ பெரிய வியாதி. அவ்வளவுதான் கதை.

இனிமேல் என்ன, வியாழக்கிழமை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். மனசு ஏரிக்குப் போய்விடலாம். கடைசியில் சொல்ல வேண்டிய வார்த்தையையும் தயார் செய்தேன்.

வியாழக்கிழமை மாமியாரும் வந்து உட்கார்ந்தார். எதிர்வீட்டுத் தையல்காரரையும் மனைவி கூப்பிட்டிருந்தாள். ஒரு நாற்காலி குறைந்தது. அவர் வீட்டிலிருந்தே போய் எடுத்துவரும்படி என்னை அனுப்பினாள். நான் நாற்காலியோடு திரும்பும்போது படம் ஆரம்பித்து, மழை பெய்துகொண்டிருந்தது.

பெரிய வீடு வந்தது. குதிரை வண்டி வந்தது. ஒரு பெண் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முகம் மட்டும் நேற்றுப் பார்த்த மாதிரி இல்லை. மெதுவாக ஓட்டினால் மனிதர்களின் முகம்கூட மாறிவிடுகிறது என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, ஏரிக்குக் கிளம்பினேன்.

என் உடம்பு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கால் ஆடப் பார்த்தது, அதன் மேல் இன்னொரு காலைப் போட்டு அமுக்கினேன். மேல் கால் ஆடியது. பக்கத்தில் மாமியார், அந்த வீட்டில் கழுவப் போட்ட கோப்பைகளை எண்ணிக்கொண்டு வந்தார். இவ்வளவையும் அந்த ஒரு வேலைக்காரிப் பெண்ணா கழுவுவாள், அவளுக்குக் கை என்னத்துக்கு ஆகும் என்று அவருக்குக் கண் கலங்கியது. கதாநாயகி அழுதபோது கலங்கவில்லை. தையல்காரர் கதைப் பக்கமே போகவில்லை. யார் வந்தாலும் தோள்பட்டையைப் பார்த்தார். ஒருவர் காதலைச் சொல்லி மண்டியிட்டபோது, இவ்வளவு இறுக்கமாகத் தைத்தால் முட்டியில் விட்டுப்போகுமே என்று கவலைப்பட்டார். மனைவி மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்து, திரையையே பார்த்திருந்தாள்.

எட்டு மணிக்குப் படம் முடிந்தது. நான் அசையவில்லை. என் பெயரை வரலாற்றில் எழுதலாம்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "என்ன தோணிச்சு, சொல்லுங்க."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அந்த டாக்டரின் கடமை உணர்ச்சி என்னை உலுக்கிவிட்டது என்றேன். அம்மாவின் வியாதி, பெண்ணின் சுத்தம், பியானோ மேல் அந்தக் கடிதம், எல்லாம் சேர்ந்து மனசைக் கனக்கச் செய்கிறது என்றேன். கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் உடைந்தது. ஒத்திகை பார்த்ததில் அதுவும் ஒன்று.

தையல்காரர் மரியாதையோடு கேட்டார்: "எந்த டாக்டர் சார்? வந்தது ரெண்டு பட்டாளத்துக்காரர், ஒரு பாதிரியார், ஒரு தோட்டக்காரர். டாக்டர் கோட்டு எதுவும் என் கண்ணுல படலியே."

"மாப்பிள்ளை, அந்தப் பொண்ணுக்கு அம்மாவே கெடையாதே" என்றார் மாமியார். "செத்துப் போய்த்தான படமே ஆரம்பிக்குது."

மனைவி எழுந்து விளக்கைப் போட்டாள். கோபமில்லை. கடையில் கண்ணாடி மாட்டிப் பார்ப்பவர்களிடம் பேசும் அதே குரலில் சொன்னாள்: "வீட்டுல படம் பாக்கறதுக்கு இருக்கறது ஒரே கணக்கு. உங்க போன்ல பாத்தாலும் நம்ம டிவியில காட்டுமில்ல? படத்துக்குக் கீழ செவப்புக் கோடு கடைசி வரைக்கும் ஓடியிருந்துச்சு. அதான் வேற படம் போட்டேன்."

நான் காலை ஆட்ட ஆரம்பித்தேன். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

ஏரியைப் பற்றி மெல்லக் கேட்டேன். ஒரு படத்தை ஓடிக்கொண்டே பார்த்தாயிற்று, இன்னொன்றைப் பார்க்காமலே பார்த்தாயிற்று. தான் கேட்டது இது இரண்டும் இல்லை என்றாள். சொன்ன படத்தைச் சொன்னபடி பார்த்துவிட்டு, தாராளமாகப் போகலாமாம்.

வெள்ளிக்கிழமை எனக்கு முழு நாள் வேலை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே உட்கார்ந்தேன். ஒன்பதுக்கு முடியும், பத்துக்கு வேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, படத்தை ஓடவிட்டாள்.

முதல் அரை மணி நேரம் உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. டாக்டர் வந்தார். இந்த முறை ஓடி வரவில்லை. வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றி, மழையை உதறி, மறுபடியும் போட்டுக்கொண்டு, மறுபடியும் கழற்றினார். உள்ளே அம்மாவின் நாடியைப் பிடித்தார். பார்வை அம்மாவிடம் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், அந்த அம்மா படம் முழுக்க ஒரு தடவைகூட இருமவில்லை. இருமாத அம்மாவுக்கு வாரம் ஒரு மருந்து.

"இவரு எதுக்கு வராரு?" என்று மனைவியிடம் மெல்லக் கேட்டேன்.

"பாருங்க" என்றாள்.

கடிதம் வந்தது. விதவை அதைப் பிரிக்கவில்லை. பியானோ மேல் வைத்துவிட்டு, அதைச் சுற்றித் துடைத்தாள். மறுநாளும் சுற்றித்தான் துடைத்தாள். சுத்தமும் இல்லை, கித்தமும் இல்லை. பயம். உள்ளே என்ன எழுதியிருக்குமோ என்ற பயம். அவள் விரல் உறை மேல் பட்டதா, படவில்லையா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். பின்னால் ஓட்டிப் பார்த்தேன். இன்னொரு தடவை ஓட்டினேன். பட்டது, நகம் மட்டும் பட்டது.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். அவள் தலை என் தோளில் சாய்ந்தது. தோள் ஆடவில்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இப்படிப் பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்ததில், கடிகாரத்தைப் பார்த்தபோது மணி பத்தேகால். படத்தில் இன்னும் பதினைந்து நிமிடம் பாக்கி. விதவையின் கையில் கடிதம், இன்னும் பிரிக்கவில்லை. வாசலில் வேன் காத்திருக்கும். மூன்று வருடக் கனவு காத்திருக்கும்.

போகட்டும் என்று தீர்மானித்தேன். ஒரு மனிதன் வாழ்க்கையில் ஒருமுறையாவது இப்படி ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேன் ஓட்டும் எங்கள் சூப்பர்வைசரைப் போனில் பிடித்தேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நான் வரவில்லை, காரணம் கேட்காதே என்று தழுதழுத்தேன்.

"தெரியுமே அண்ணே" என்றான் அவன். "அண்ணிதான் வியாழக்கிழமை ராத்திரியே சொல்லிட்டாங்களே. நீங்க வரலன்னதும் விடிகாலையிலயே கிளம்பிட்டோம். ஏரிக்கு வந்து ஒரு மணி நேரமாச்சு, உங்க ஜன்னலோரத்துல எதிர்வீட்டுத் தையல்காரர் வந்தாரு."