அசல் போலவே ஒரு மைக்

இசை உலகில் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், மெட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், மேளம் வாசித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்திக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் யாரோடும் சேராத இன்னோர் இனமும் உண்டு. மைக் வாங்குகிற இனம். அது பாடாது. வாசிக்காது. வாங்கும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஊரே மணப்பெண்ணைப் பார்க்க, ஒருவர் மட்டும் ஐயர் கையிலிருக்கும் மைக்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாரா? துக்க வீட்டில் தேவாரம் ஒலிக்கையில் பக்கத்திலிருப்பவர் காதருகே குனிந்து, "பேஸ் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று வருத்தப்படுகிறாரா? அவரேதான். மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நின்றால் இரண்டு மணி நேரம் போய்விடும்.

எங்கள் தேவன் இந்த இனத்தில் பழுத்தவர். ஈப்போவிலிருந்து அரை மணி நேரத்தில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது வரிசை வீடுகளாகிவிட்ட ஒரு தாமானில் குடியிருக்கிறார். வயது நாற்பத்தெட்டு. கார், வேன் முதலான காடிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் மேற்பார்வையாளர். அங்கே வாடிக்கையாளர் எவராவது விலை குறைந்த சாமானைத் தொட்டால் போதும், தேவனுக்கு ரத்தம் கொதித்துவிடும். "போலிச் சாமான் போடாதீங்க பாஸ். பிரேக்குன்னா உசுரு. ஒரிஜினல் போடுங்க லா" என்பார். மாலை ஆறு மணிக்குக் கடை மூடி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தக் கொள்கையையும் கூடவே கழற்றி வைத்துவிடுவார். உள்ளே போனதும் வேறு மந்திரம்: "கண்ண மூடிக் கேட்டா ஒரிஜினலுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது."

'இது' என்பது எது? ஜெர்மனியில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மைக் செய்தார்கள். உள்ளே ஒரு கண்ணாடி டியூப், வெளியே வெள்ளி நிற உடல், பெரிய பெரிய பாடகர்கள் எல்லாம் அதன் முன்னால் கைகட்டி நின்றிருக்கிறார்கள். இன்றைக்கு அதன் விலை எங்கள் ஊர்க் காசில் அறுபதாயிரம் வெள்ளி. அதைத் திருகாணி முதற்கொண்டு அப்படியே பார்த்துச் செய்து ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பன்னிரண்டாயிரத்துக்கு விற்கிறது. தேவன் ஒரு வருடமாக இரண்டையும் ஒப்பிடும் வீடியோக்களைப் பார்த்துக் கண் சிவந்து, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பிரமிளாவிடம் சொன்னார்:

"நாப்பத்தெட்டாயிரம் மிச்சம் பிரமிளா!"

பிரமிளா மீன் கழுவிக்கொண்டிருந்தார். "அந்த நாப்பத்தெட்டாயிரம் எங்கங்க இருக்கு? குடுங்க, கூரைய மாத்திருவோம்."

தேவன் கூரையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். "உனக்கு சவுண்டு புரியாது" என்றார்.

பிரமிளா கூரையைச் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டின் பின்பக்கம் தகரம் போட்டு நீட்டிய அறைதான் தேவனின் ஸ்டூடியோ. சுவர் முழுக்க முட்டை அட்டை. அலமாரியில் ஏற்கெனவே ஐந்து மைக்குகள், முதல்முதலாக வாங்கிய முந்நூறு வெள்ளி மைக்கிலிருந்து வரிசையாக. ஆறு வருடத்தில் அந்த அறையில் பதிவான மிக நீளமான படைப்பு, "ஹலோ, செக், ஒன் டூ, ஹலோ" என்பது. அதையே ஐந்து மைக்கிலும் பதிந்து, மாற்றி மாற்றிக் கேட்டு, தனியாகத் தலையாட்டிக்கொள்வார்.

இந்த நேரத்தில்தான் கலாதேவிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. எதிர் வரிசை வீடு. நாற்பது வயது. ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். தாமான் கோயில் திருவிழா, நிச்சயதார்த்தம், வளைகாப்பு எல்லாவற்றுக்கும் இருபது வருடமாகப் பாடுகிறவர். பாடிவிட்டு ஒரு தட்டு பலகாரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவதோடு சரி, ஒரு பாட்டுகூட எதிலும் பதிவானதில்லை. ஈப்போ பழைய நகரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் இசையமைப்பாளர் பிரேம்நாத், ஒரு டெலிமூவியின் முகப்புப் பாட்டுக்குப் புதுக் குரல் வேண்டும், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் இரண்டு நிமிடம் பாடி அனுப்புங்கள் என்று அறிவித்திருந்தார். கலாதேவி நேரே தேவனிடம் வந்தார்.

"தேவண்ணே, போன்லயே பாடி அனுப்புனா போதும்னு போட்டுருக்காங்க. அனுப்பிரவா?"

தேவன் காதில் யாரோ ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல முகம் கோணியது. "போன்லயா? உன் கொரலக் கொண்டுபோயி போன்லயா அடைக்கிற? இரு லா கலா. திங்கக்கெழம மைக் வருது. ஒரே தடவ பாடு, அவன் ஆடிப்போயிருவான்."

கலாதேவி நம்பினார். இந்த இனத்திடம் உள்ள பெரிய ஆபத்தே அதுதான். அவர்கள் மனதாரச் சொல்வார்கள்.

திங்கட்கிழமை மைக் வந்தது. தேக்குப் பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட். தேவன் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். கலாதேவி குளித்துத் தலை சீவிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னிக்கி பாட முடியாது. டியூப் சூடாகிப் பழகணும். நூறு மணி நேரம்."

கலாதேவி விரல்விட்டு எண்ணினார். "வெள்ளிக்கெழமையே வந்துருமேண்ணே?"

"சரி, அம்பது மணி நேரம் போதும்" என்று தேவன் இறங்கி வந்தார். ஐம்பது முடிந்ததும் வயர் மட்டமானது என்று தெரிந்தது. அவ்வளவு உயர்ந்த மைக்குக்கு நாற்பது வெள்ளி வயரா? ஈப்போவுக்குப் போய் வேறு வயர் வாங்கி வந்ததில் புதன்கிழமை முடிந்தது.

வியாழக்கிழமை காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் கலாதேவி வந்தார். தேவன் கடைக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்தார். கலாதேவி கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார். பாட்டு அருமையாகத்தான் கிளம்பியது. ஆனால் நல்ல மைக் என்றால் என்ன? எல்லாவற்றையும் கேட்பது. அது மூன்றாவது வீட்டுக் குக்கர் விசிலைக் கேட்டது. ஐந்தாவது வீட்டில் சின்னையா கிழவர் இருமுவதைக் கேட்டது. தகரக் கூரையில் பூனை நடந்ததைக் கேட்டது. "நிறுத்து, நிறுத்து" என்று ஒவ்வொரு முறையும் தேவன் கையைத் தூக்கினார். ஏழாவது தடவை, யார் கதவைத் தட்டினாலும் நிறுத்தக் கூடாது என்று தோன்றும்படி பாடிக்கொண்டிருந்தார் கலாதேவி. அப்போதும் தேவன் கையைத் தூக்கினார். எங்கோ ஒரு மூலையில் 'உஸ்' என்று ஏதோ கேட்டதாம். பதினோராவது தடவை, பழைய பேப்பர் வாங்கும் லோரி ஒலிபெருக்கியை அலறவிட்டபடி தெருவில் நுழைந்தது. பின்னாலேயே மழையும் வந்து தகரத்தில் கொட்டியது.

கலாதேவி மணியைப் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டார். "பிள்ளைங்க காத்துருக்கும்ணே."

"நாளைக்கு காலையில முடிச்சிரலாம் கலா. டைம் இருக்கு."

கலாதேவி படியிறங்கினார். மழையில் வேனை நோக்கிப் போகும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீரையா என்று தேவனுக்குச் சந்தேகம் வந்தது. பிறகு பதிவைப் போட்டுக் கேட்டார். லோரிக்காரர் குரல் எவ்வளவு துல்லியம்! பக்கத்தில் நின்று கூப்பிடுவது போலவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே தேவன் மைக்கைச் சூடாக்கி, கூரைக்கு அடியில் இரண்டு கம்பளியைக் கட்டி, காத்திருந்தார். கலாதேவி வாசலிலேயே நின்றார்.

"அனுப்பிட்டேண்ணே. நேத்தே."

"எதுல?"

"போன்லதான். மழை விட்டுருச்சு. ஸ்கூல் மணியடிக்க இருவது நிமிசம் இருந்துச்சு. வேன் கதவ சாத்திக்கிட்டு பாடிட்டேன்."

"வேன்லயா?" என்றார் தேவன். அன்று கடையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நல்ல குரல் வீணாகிவிட்டதே என்ற துக்கம் பாதி. தனக்காக இன்னும் ஒரு நாள் காத்திருக்கவில்லையே என்ற துக்கம் மீதி. இரண்டில் எது பெரிது என்று அவர் அளந்து பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பிரேம்நாத் கூப்பிட்டார். வந்த எழுபது குரல்களில் கலாதேவியைத்தான் எடுத்திருந்தார். சனிக்கிழமை ரெக்கார்டிங்.

"தனியா போக ஒரு மாதிரியா இருக்குண்ணே. நீங்களும் அக்காவும் வாங்களேன்" என்று கலாதேவி வந்து அழைத்தபோது தேவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் போனார். மடியில் தேக்குப் பெட்டி. ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருக்கும் என்று சட்டைப்பையில் பழைய முந்நூறு வெள்ளி மைக்.

பிரேம்நாத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், தன்மையான ஆள். முதலில் கேட்டதே இதுதான்: "அக்கா, அந்த சாம்பிள எங்க ரெக்கார்ட் பண்ணுனீங்க? எந்த ஸ்டூடியோ? சுத்தி ஒரு சத்தம் இல்லியே!"

"ஸ்கூல் வேன்ல தம்பி. சீட்டு மேலயெல்லாம் பிள்ளைங்களோட குளிர்ச்சட்ட கெடந்துச்சு."

தேவன் தரையிலிருந்த கம்பளத்தை ஆராய்ந்தார்.

நிமிர்ந்தபோது அறை நடுவே அது நின்றது. ஜெர்மன் அசல். கோலாலம்பூரில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து பிரேம்நாத் வாங்கியதாம். தேவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெட்டியைத் திறந்து தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தார். இரட்டைப் பிள்ளைகள்.

"தம்பி, ஒரு சின்ன டெஸ்ட் பண்ணலாமா? நான் கண்ண மூடிக்கிறேன்."

பிரேம்நாத் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். மூன்று மைக்கையும் மாற்றி மாற்றி வைத்து, கலாதேவி அதே நான்கு வரியை மூன்று முறை பாட, சத்த அளவைச் சமமாக்கிப் போட்டுக் காட்டினார். தேவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

முதலாவது. "இது அந்த முந்நூறு வெள்ளி. இறுக்கமா, தகரம் மாதிரி."

இரண்டாவது. "இது நம்ம மைக். பரவால்ல, நல்லாருக்கு."

மூன்றாவது ஓடி முடிந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "இதான் தம்பி ஜெர்மன்காரன். அந்த வெதுவெதுப்பு இருக்கு பாருங்க, அத எவனாலயும் செய்ய முடியாது."

பிரேம்நாத் பின்னந்தலையைச் சொறிந்தார். "மொதல்ல ஓடுனதுதான்ணே ஜெர்மன். மூணாவது உங்க முந்நூறு வெள்ளி."

தேவன் ஹெட்போனைக் கழற்றினார்.

"அப்ப ரெண்டாவது?"

"அது உங்க மைக்தான். சரியா சொன்னீங்க."

தேவன் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிமிரப் பார்த்தார். அதற்குள் கலாதேவி மெதுவாகச் சொன்னார்: "மொத தடவ பயத்துல தொண்ட இறுகிப்போச்சுண்ணே. மூணாவதுலதான் கூச்சம் விட்டுச்சு."

"பொய் சொல்லலண்ணே, உங்க மைக் நல்ல மைக்" என்றார் பிரேம்நாத். "ஒரே ஆளு ஒரே மாதிரி பாடுனா, அதுக்கும் ஒரிஜினலுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கே பாதி நேரம் தெரியாது. தெனம் நாலு பேரு பாட வர்ற எடத்துக்கு பன்னெண்டாயிரம் தாராளமா குடுக்கலாம். உங்க வீட்டுல யாரு பாடுறா?"

"பழைய பேப்பர் லோரி" என்றார் பிரமிளா.

எல்லோரும் சிரித்தார்கள். தேவனும் கடைசியாகச் சேர்ந்துகொண்டார், வேறு வழி?

மழை ஈரத்தில் ஜெர்மன் மைக் அவ்வப்போது கரகரக்கும் என்பதால், தேவன் சம்மதித்தால் அவருடையதையே வைத்துக்கொள்ளலாம் என்றார் பிரேம்நாத். சம்மதமா! தேவன் தன் கையாலேயே ஸ்டாண்டில் மாட்டிவிட்டு வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கலாதேவி பாடினார். தேவனுக்கு முன்னால் சத்த அளவைக் காட்டி ஆடிக்கொண்டிருந்த பச்சை விளக்குகளை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பார்க்க மறந்துவிட்டார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார்.

கலாதேவி வெளியே வந்ததும் தேவன் எழுந்து நின்றார். "கலா, அன்னிக்கி ஏழாவது தடவ நீ இப்படித்தான் பாடுன. நாந்தான் நிறுத்திட்டேன்."

"தெரியும்ணே" என்றார் கலாதேவி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தேவனுக்கு அதிகமாக வலித்தது.

திரும்பும் வழியில் தேவன் மடியிலிருந்த பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தேவன் திருந்திவிட்டார் என்றே பிரமிளா நினைத்தார். சுண்ணாம்பு மலைகளைத் தாண்டும்வரை நினைத்துக்கொண்டிருந்தார்.

"பிரமிளா, இப்பத்தான் தெரியுது. கோளாறு மைக்ல இல்ல. அந்தத் தம்பியோட ஹெட்போன்ல. ஒன்னு இருக்கு, ஜப்பான்காரன் செஞ்சது, பயங்கர வெல. ஆனா அதே மாதிரியே இன்னொருத்தன்…"

பிரமிளா ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் மைக் வாங்குகிறவர் இல்லை, எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் இரண்டு முறை மட்டும் ஓடிய ஓட்டக் காலணி, ஒரே ஒரு கேக் கண்ட ஓவன், நாவல் எழுதுவதற்கென்றே வாங்கிப் பூட்டிவைத்திருக்கும் பேனா, அவ்வளவுதானே? அதெல்லாம் வேறு விஷயம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இவ்வளவு நேரமும் அந்த மைக்கின் பெயரையோ, செய்த கம்பெனியின் பெயரையோ நான் சொல்லவில்லை. எந்த மாடல் என்று கேட்க உங்களுக்கு நாக்கு துடித்திருக்கிறது. கலாதேவி என்ன பாட்டுப் பாடினார் என்பதையும்தான் சொல்லவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியதா?