கரடி வந்தபோது ஓடியவன்

பிறருக்கு அறிவுரை சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதைக் கடைப்பிடிப்பதுதான் எனக்குக் கொஞ்சம் ஒத்துவராது.

எண்பதுகளின் கடைசி. கல்யாணமாகி மூன்று மாதம். குரோம்பேட்டையில் குமாஸ்தாவாக இருந்த நான், மனைவி வசந்தாவிடம் எப்படியாவது வீரன் என்று பெயர் வாங்கத் துடித்தேன். (பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்ததைத் தவிர வேறு வீரச் செயல் எதுவும் அதுவரை செய்ததில்லை.) அவளையும், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவள் தம்பி சேகரையும் ஜவ்வாது மலைக்கு அழைத்துப்போய்க் கூடாரம் போட்டுத் தங்குவதென்று முடிவு செய்தேன்.

பெருங்களத்தூரில் பஸ் ஏறியதுமே பாடம் தொடங்கிவிட்டது. நூலகத்தில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன்.

"கரடியப் பாத்தா ஓடக் கூடாது. மரத்துல ஏறக் கூடாது, அது நம்மளவிட நல்லா ஏறும். மெதுவாப் பேசிக்கிட்டே பின்னாடி நடக்கணும். கூடாரத்துல தின்பண்டம் வெக்கவே கூடாது."

"பேஜாரா கீதே மாமா, வேற எங்கனா போலாமே" என்றான் சேகர். வசந்தா மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

மலையில் சாயங்காலமே சாப்பாட்டுப் பைகளைத் தொலைவில் ஒரு மரத்தில் கொண்டுபோய்க் கட்டினேன். வழியில் வாங்கிய அரைக் கிலோ பலாச்சுளையை மட்டும் என் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். (எனக்கு எழுந்ததும் பசிக்கும்.)

மறுநாள் காலை மூவரும் வெளியே நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, புதரை விலக்கிக்கொண்டு கரடி வந்தது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, வெகுதூரம் கீழே, செருப்பில்லாமல், கையில் பிரஷ்ஷோடு நான் நின்றதுதான். பின்னால் யாரும் வரவில்லை. மனைவியை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பி மேலே ஓடினேன்.

பாதி வழியில் இருவரும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். சேகருக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா என் கையப் புடிச்சிகினு, 'ஒண்ணுமில்லப்பா, நீ சாப்புடு, நாங்க போயிடறோம்'னு கரடியாண்ட பேசிகினே பின்னாடி நடந்துச்சு மாமா. அது நேரா உங்க தலகாணியாண்ட போயி பலாச்சுளையத் துன்னுது!"

"உனக்கு எப்படித் தைரியம்..." என்று இழுத்தேன்.

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்றாள் வசந்தா. குரலில் துளிக் கேலி இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பேச்சை நம்பி அவள் நின்றிருக்கிறாள், பேசிய நானோ ஓடியிருக்கிறேன்.

கேலி தாம்பரத்தில் வீடு வந்து சேர்ந்த பிறகு ஆரம்பித்தது. இன்றும் நான் தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்கக் கிளம்பினால், "ஓடறதா இருந்தா சொல்லிட்டு ஓடுங்க" என்கிறாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். ஆனால், "உடனே வந்துடறேன் வசந்தா" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் ஒரு நாளும் படி இறங்கியதில்லை.