நாங்கள் கூடாத ஆறு மாட்டுப்பொங்கல்

திருப்பூர்,
16.12.2007

சௌபாக்கியவதி தங்கை சாரதாமணிக்கு, அண்ணன் பழனிமுத்து ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுத வேண்டியது முறை. என் வலது காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே, விவரம் பின்னால் வருகிறது.

நீ அனுப்பிய போட்டோ கிடைத்தது. அமெரிக்காவில் அன்றைக்கு நன்றி சொல்லும் நாள் என்றும், வான்கோழி சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் பின்னால் பந்து விளையாடினார்கள் என்றும் எழுதியிருந்தாய். உன் மகன் தரணீதரன் கையில் இருக்கும் பந்து தேங்காய் மாதிரி நீளமாக இருக்கிறது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டு அதற்குக் கால்பந்து என்று ஏன் பேர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, போகட்டும். ஜன்னல் ஓரம் நின்று நம் மாட்டுப்பொங்கலை நினைத்து அழுதேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பெரியப்பா, மாமா பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பதினாறு பேர், தின்ற வயிற்றோடு பின்வாசலுக்கு ஓடுவோம். அப்பாவின் பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துண்டுகளைப் பனியன் துணிக்குள் திணித்துக் கட்டிய பந்து, தொட்டித் தண்ணீரில் விழுந்துவிட்டால் கல்லாகக் கனக்கும். உன்னைக் கோலுக்கு நிறுத்தினால் பாவாடையை விரித்துப் பிடித்து அதிலேயே பந்தை வாங்கிக்கொள்வாய். அது செல்லுமா செல்லாதா என்று நானும் தம்பி கந்தப்பனும் அடித்துக்கொள்ள, தூங்கிக்கொண்டிருக்கும் அப்பா எழுந்து வந்து எதையும் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்.

நிற்க. பொங்கலுக்கு வருகிறேன், நீங்கள் எல்லோரும் வருடா வருடம் கூடுவதைத் தரணி ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டாய். அம்மிணி, நாங்கள் கூடுவதில்லை. ஆறு வருடமாக இல்லை. போன வருடம் கந்தப்பன் இரண்டு கோல் போட்டான் என்று எழுதினேன். அவன் போடவில்லை. அவன் என் வாசலுக்கே வரவில்லை. நீ அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு வருத்தப்படுவாயே என்றுதான் எழுதினேன். முதல் வருடம் ஒரு பொய், அடுத்த வருடம் அதற்கு ஆட்டமும் சேர்க்க வேண்டியதாகிவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன் என் மகள் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பன் கந்தப்பன் பேர் விட்டுப்போனது உனக்குத் தெரியும். அச்சாபீஸ்காரன் விட்டுவிட்டான் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். அதுதான் உனக்கும் தெரியும். உன் கடிதம் வந்த மறுநாள் கந்தப்பன் வீட்டுக்குப் போனேன். நடுவில் ஒரே ஒரு சுவர்தான். ஆனால் தெருவைச் சுற்றிப் போய்ச் சேர அரை மணி நேரமானது, இரண்டு தடவை பாதியில் திரும்பிவிட்டேன். அவன் நாய்க்கு என்னைத் தெரியாது, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கோலத்தில்தான் அவன் முன்னால் நின்றேன்.

"சாரதா வர்றா கந்தா," என்றேன்.

"வரட்டுங்க."

"அந்தப் பத்திரிகை... அச்சாபீஸ்காரன் தப்பு இல்ல. ப்ரூப் எங்கையிலதான் வந்துச்சு. நான் பாத்தேன்."

அவன் நாயைப் பிடித்துக் கட்டினான்.

"பாத்துமா உட்டீங்க?"

"மறுக்கா அச்சடிக்க நாலு நாள் ஆகும்னாங்க. உன்ற பேருதானே, நீ ஒண்ணும் நெனைக்க மாட்டேன்னு இருந்துட்டேன்."

"வேற ஆரு பேராச்சும் உட்டுருந்தா மறுக்கா அடிச்சிருப்பீங்கள்ல?"

அடித்திருப்பேன். அதைச் சொன்னேன். அவன் முகத்தை மூடிக்கொண்டான். அம்மா போன அன்றைக்குக்கூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவன் மனைவி ரங்காத்தாள் வந்து, "ரண்டு பேரும் உக்காந்து அழுவுங்க, நின்னுட்டே எதுக்குங்க?" என்று நாற்காலி போட்டாள்.

அப்புறம் அவனே கம்பெனி கட்டிங் ஹாலுக்குப் போய் வேஸ்டை அள்ளி வந்து பந்து கட்டினான். தரணிக்குக் காட்ட ஒத்திகை பார்க்கலாம் என்றான். ஐம்பத்திரண்டு வயதில் ஓடிவந்து உதைத்தேன். பந்து அங்கேயே இருந்தது, நான்தான் போனேன். கணுக்காலில் எலும்பு விரிசல். அவன் என்னைத் தன் முதுகில் சுமந்துபோய்க் காரில் போட்டான். எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார், "கோல் அடிக்கப் போனாருங்க" என்றான் கந்தப்பன். மாவுக்கட்டோடு அவன் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தைரியமாக வா. பதினாறு பேரில் நாம் மூவர் போக, எட்டுப் பேருக்குச் சொல்லியாயிற்று.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நூறு வயது நோயில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் பழனிமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை போன் செய்தார். லீவு கிடைக்கவில்லை, டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று, உனக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லை என்றார். அதனால் மேலே எழுதியது எதற்கும் அவசியமில்லாமல் போய்விட்டது. எல்லோரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று கந்தப்பனைக் கேட்டேன். "ஏனுங்கண்ணா, அவளுக்காகவா வரச்சொன்னோம்?" என்கிறான். மீதி ஐந்து பேருக்கும் பக்கத்து அறையிலிருந்து போன் போட்டுக்கொண்டிருக்கிறான்.