கார் ஓடுற அண்டைக்கு

கார் பற்றறியின் நாலாவது செல்லும் வீங்கியிருந்தது.

பிரதாபன் அதை மேசையில் படுக்க வைத்தான். தட்டையாக இருக்க வேண்டியது, விருந்துச் சோறு தின்ற வயிறு மாதிரி நடுவில் எழும்பி, தொட்ட பக்கம் சாய்ந்தது.

"இதுகும் பழுதோ தம்பி?" மாமி சறோஜினிதேவி தேத்தண்ணியோடு வாசலில் நின்றார்.

"ஓம் மாமி."

"அப்ப கார் இண்டைக்கும் ஓடாது."

"ஓடாது."

மாமி பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு என்று பிரதாபன் நினைத்தான்.

நாரந்தனையில் இருக்கும் அந்த வீடு அவன் மனைவி தனுசியாவுக்குத் தாய்தகப்பன் சீதனமாகக் கொடுத்தது. கலியாணம் முடித்து அவன்தான் அங்கே வந்தான். இரண்டு வருடத்துக்கு முந்தி தனுசியா காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. மாமாவும் மாமியும் தனுசியாவின் தங்கை நிசாந்தினியும் அதே வளவின் பின்வீட்டில் இருந்தார்கள். மூன்று நேரமும் சாப்பாடு அங்கிருந்து வந்தது. தனுசியாவின் ஹைபிரிட் கார் முன்பக்கம் நின்றது. நின்றபடியே அதன் பற்றறியும் செத்துப்போனது.

இப்போது கொழும்பில் ஒரு வேலை கிடைத்திருந்தது. இந்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும்.

"கார் ஓடுற அண்டைக்குப் போறன் மாமி," என்று சொல்லியிருந்தான்.

பஸ்ஸிலும் போயிருக்கலாம். ஆனால் அவள் ஆசைப்பட்டு வாங்கிய காரை உக்க விட்டுப் போக அவனால் ஏலவில்லை. மகளைப் பறிகொடுத்தவர்களிடம் வெறுமனே 'போறன்' என்று சொல்லவும் ஏலவில்லை.

அன்றிலிருந்து மாமி காலையும் மாலையும் ஒரே கேள்வியைக் கேட்டார். "கார் எப்ப தம்பி ஓடும்?" பாவம், நாளை எண்ணுகிறா என்று அவன் நினைத்தான்.

புதுப் பற்றறியின் விலையைக் கேட்டபோது, காரையே விற்றுத்தான் வாங்க வேண்டும் போலிருந்தது. ஊர்காவற்றுறையில் எமிலியானுஸ் என்பவர் அடிபட்ட வாகனங்களை உடைத்து விற்பவர். அவரிடம் பழைய செல்கள் இருந்தன. நல்லதைத் தேர்ந்தெடுத்து ஒன்றாகப் பூட்டினால் கார் ஓடும்.

தேர்ந்தெடுப்பதுதான் வேலை. செல்லை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, போல்ற் இறுக்கிச் சார்ஜ் பண்ண வேண்டும். இறுக்காவிட்டால் வீங்கும். பிறகு கழற்றி ஒரு கிழமை, ஏழு நாள், சும்மா விட வேண்டும். சும்மா கிடந்தும் சார்ஜைப் பிடித்து வைத்திருந்தால் நல்ல செல். கூடாத செல் ஒன்று உள்ளே போனாலும் போதும், மற்றதெல்லாம் கெட்டுவிடும்.

இதை மாமிக்கு ஒருநாள் ஆறுதலாக விளங்கப்படுத்தினான்.

"சும்மா விடுறதும் ஒரு வேலையோ?" என்று மாமி கேட்டார்.

"அதுதான் மாமி முக்கியமான வேலை."

"சும்மா விட்டா எப்பிடித் தம்பி கார் ஓடும்?"

"சும்மா விடாட்டித்தான் ஓடாது."

மாமி படித்தவர்களோடு கதைத்து வேலையில்லை என்ற முகத்தோடு போனார்.

இப்போது சும்மா கிடந்த செல்கள்தான் வீங்குகின்றன. அவற்றைக் கட்டிக்கொண்டு எமிலியானுஸிடம் போனான்.

"என்ன அண்ணை, வீங்கின செல்லை என்ரை தலையிலை கட்டியிருக்கிறியள்?"

"நான் தரேக்கை சப்பட்டையா இருந்தது. உங்கடை வீட்டுச் சாப்பாடு அப்பிடிப் போலை."

"பகிடி விடாதேங்கோ. மேசையிலை சும்மா கிடந்தது."

"சும்மா கிடந்தா வீங்காது தம்பி. மனிசர்தான் சும்மா கிடந்து வீங்கிறது."

"சார்ஜர் என்ரை பைக்குள்ளை. நான் வேலைக்குப் போகேக்கை கையோடை கொண்டு போறனான்."

"அப்ப வெக்கை. வேறை இடத்திலை வைச்சுப் பாரும்." எமிலியானுஸ் வேறு செல்கள் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் குளிர்ச்சியான இடம் தனுசியாவின் அலுமாரி. பிரதாபன் கீழ்த்தட்டில் செல்களை அடுக்கிப் பூட்டி, திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போனான். அந்த வளவில் மாமியிடம் மறுதிறப்பு இல்லாத பூட்டு கிடையாது என்பதை மறந்துவிட்டான்.

கிழமை முடிவில் திறந்தான். மூன்று செல் வீங்கியிருந்தன. ஒன்று வெடித்து, உள்ளே இருந்த காரத் தண்ணி தெறித்து, மேலே தொங்கிய கூறைச்சேலையில் உள்ளங்கை அளவு ஓட்டை விழுந்திருந்தது.

அவன் சேலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஓட்டை உள்ளே போகும்படி மடித்து, மேல்தட்டில் வைத்தான்.

மாமி வந்து எட்டிப் பார்த்தார். முகம் கறுத்துப்போனது.

"சேலை போனாப் போகட்டும் தம்பி," என்றார் மெல்லமாக. "கார் எப்ப ஓடும்?"

மகளின் கூறைச்சேலையைவிடத் தன் பயணம் அவரை வருத்துகிறதே என்று பிரதாபனுக்கு இருந்தது.

அதே கிழமை மாமா முன்வீட்டுச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கினார். இளம் மஞ்சள். எழுபது வயதில் ஏணியில் நின்றார்.

"ஏன் மாமா உங்களுக்கு இந்த வேலை? நான் போகப்போறவன்தானே."

"சுவர் ஊத்தையாக் கிடக்குது," என்றார் மாமா, திரும்பிப் பாராமல்.

மாமி நயினாதீவுக்கும் போய்வந்தார். "அம்மனுக்கு ஒரு நேத்தி வைச்சனான்."

"என்ன நேத்தி மாமி?"

"வெளியிலை சொன்னாப் பலிக்காது," என்று திருநீற்றை அவன் நெற்றியில் பூசினார்.

மூன்றாவது தொகுதியைக் கிணற்றடிக் கொட்டிலில் வைத்தான். புதுப் பூட்டு ஒன்று வேண்டுமென்று மாமியிடமே சொல்லி வாங்குவித்தான். பூட்டோடு இரண்டு திறப்பு வரும். அவனுக்கு ஒன்றுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை அரை நாளில் வேலை முடிந்து மத்தியானமே திரும்பினான். பின்வீட்டுக் குசினி யன்னலிலிருந்து ஒரு வயர் இறங்கி, வாழைகளுக்குள்ளால் போய், கொட்டில் கதவுக்குக் கீழே நுழைந்திருந்தது. கதவு திறந்து கிடந்தது. மாமி குந்தியிருந்தார். அவருக்கு முன்னால் செல்கள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. பலகை இல்லை. போல்ற் இல்லை. அது அவனுடைய சார்ஜரும் இல்லை.

அவனைக் கண்டதும் மாமி வயரைப் பிடுங்கிச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டினார்.

"நான்... சும்மா... வெக்கையோ எண்டு பாக்க வந்தனான் தம்பி."

"பரவாயில்லை மாமி."

அவன் முன்வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தான். இறுக்காமல் சார்ஜ் பண்ணினால் வீங்கும் என்று அவன்தான் மாமிக்குச் சொல்லிக் கொடுத்தவன். மாமி மறக்கவில்லை. கார் ஓடினால் மருமகன் போய்விடுவான். செல்கள் வீங்கினால் கார் ஓடாது. அதற்கென்று தனியாக ஒரு சார்ஜரும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். நேர்த்தியும் வைத்திருக்கிறார். மாமா, அவன் இருக்கப்போகிற வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறார்.

செத்தவீட்டில்கூட அழாதவனுக்கு இப்போது கண் கலங்கியது. தன்னைப் போகவேண்டாம் என்று நினைக்கவும் உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

ரெலிபோனை எடுத்து, வேலை வேண்டாம் என்று கொழும்புக்கு எழுதி அனுப்பினான். பின்வீட்டுக்குப் போனான். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமி, நான் போகேல்லை."

மாமியின் கையில் இருந்த அகப்பை நின்றது.

"வேலை வேண்டாம் எண்டு எழுதிப்போட்டன். இனி உங்களோடைதான். சாகுமட்டும் இந்த வீட்டிலைதான்."

மாமி தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். மாமா பாதிச் சோற்றோடு எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். நிசாந்தினி அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து அழுகிற சத்தம் கேட்டது.

இவ்வளவு பாசத்தை இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தார்கள் என்று பிரதாபன் வியந்தான். பாத்திரத்தைத் தானே இழுத்து, இன்னொரு அகப்பை சோறு போட்டுக்கொண்டான். இரண்டு வருடத்துக்குப் பிறகு சோற்றில் உப்பு இருப்பது தெரிந்தது.

பின்னேரம் எமிலியானுஸ் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் ஒரு பெட்டி கட்டியிருந்தது.

"நல்ல செல் தம்பி. நானே சோதிச்சுப் பூட்டினது. பத்து நிமிசத்திலை கார் ஓடும்."

"நான் கேக்கேல்லையே அண்ணை. எனக்கு இனித் தேவையில்லை. நான் போகேல்லை."

"போகேல்லையோ?" எமிலியானுஸ் ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். புதுப் பெயின்ற் அடித்த சுவரைப் பார்த்தார். பின்வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"மாமிக்குச் சொல்லியாச்சோ?"

"ஓம். அழுதவ."

"அழாமல் என்ன செய்யும் மனிசி? 'நிசாந்தினிக்கு ஆவணியிலை கலியாணம், மாப்பிளை வீட்டார் இந்த வீட்டைத்தான் சீதனமாக் கேக்கினம், மருமோனை வீட்டை விட்டு எழும்பச் சொல்ல வாய் வருகுதில்லை, கெதியாச் சார்ஜ் ஏத்திக் காரை ஓட வைக்க ஒரு வழி சொல்லும், அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதையும்' எண்டு என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டெல்லோ என்னட்டை ஒரு சார்ஜர் வாங்கினவ."