மூன்று பூட்டும் பாதிக் கல்லும்

இந்த ஒரு சங்கதி மட்டும் மனைவியின் காதுக்குப் போகவே கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டு பூட்டுக்காரர் வீட்டுக்குள் நுழைந்தார். சபதம் உறுதியாகத்தான் இருந்தது. பேண்ட்டிலிருந்துதான் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, ஆத்தையே கூட்டிட்டு வந்துட்டீங்க?"

"பாலத்துக்குக் கீழே, மூணாவது தூண்கிட்ட வழுக்கிட்டேன்."

"பையில என்ன?"

"கல்லு. கதவுக்கு முட்டுக் கொடுக்க."

"நம்ம வீட்டுக் கதவு காத்துக்கு ஆடாதே!"

"இனிமே ஆடும்."

பொய்யில் பாதி உண்மையைக் கலந்துவிட்டால் எவராலும் பிரிக்க முடியாது என்பது அவர் கொள்கை. இருபது வருஷமாக ஊரார் பூட்டையெல்லாம் திறந்து கொடுக்கிறவர், யாரையும் நம்ப மாட்டார். கட்டினவளை மட்டும் நம்பிவிடுவாரா?

பையிலிருந்தது உள்ளங்கை அகலக் கல். ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் தட்டை. அந்தத் தட்டையில் நத்தைபோலச் சுருண்டு, வரி வரியாக ஓர் உருவம். கல்லூரிக் காட்சிக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இது உட்காரும். கீழே 'கண்டெடுத்தவர்' என்று தன் பெயர் மின்னும்! செத்தாலும் அழியாத பெயர். அதை நினைத்தாலே அவருக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

மனைவிக்கும் அதே கல்லூரியில்தான் வேலை. என்ன வேலை? ஏதோ தூசு தட்டுகிற வேலை. பதினோரு வருஷமாக அவள் அதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் இவருக்குக் கொட்டாவி வந்துவிடும். தெருவில் அவளுக்கு 'பூட்டுக்காரர் சம்சாரம்' என்றுதான் பெயர். அதற்கு மேல் ஒருத்திக்கு என்ன அடையாளம் வேண்டும்?

"என்னங்க, அந்தக் கல்லைக் கழுவாதீங்க. மண்ணோடவே இருக்கட்டும்."

அழுக்காகக் கிடந்தால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள் என்ற சதி! பல் பிரஷ்ஷால் அரைமணி நேரம் தேய்த்துப் பளபளக்க வைத்தார்.

"ஒரு பக்கம் பிளந்த மாதிரி இருக்கே, மத்த பாதி எங்கே?"

"மத்த பாதின்னு எதுவும் கிடையாது!"

"நான் இருக்கேனே!"

அவள் சிரித்த சிரிப்பு சரியில்லை. தகரப் பெட்டிக்குள் கல்லை வைத்து மூன்று பூட்டுப் போட்டார். மூன்று சாவியும் இடுப்பில்.

மறுநாள் அவள் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினாள், அதுவும் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு. ஓடிப்போய் மூன்று பூட்டையும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. 'இதைத் திறக்க எவளுக்குத் துப்பு இருக்கு?' என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அதற்கும் மறுநாள், கடையைச் சாத்திவிட்டு, கல்லோடு கல்லூரிக்குப் போனார். பேராசிரியர் பொட்டலத்தைத் தொடக்கூட இல்லை.

"முதல்ல பின்னறை அம்மாகிட்டக் காட்டுங்க. அவங்க சீட்டு எழுதினாத்தான் நான் பார்ப்பேன். கல்லு விஷயத்துல நாங்களே அவங்களைத்தான் கேட்போம்."

பின்னறையில், கண்ணில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள் அவர் சம்சாரம்.

"வாங்க. கதவு நின்னுடுச்சா?"

"நீ... இங்கே... தூசு..."

"ஆமா. கோடி வருஷத்துத் தூசு."

மேஜை இழுப்பறையைத் திறந்து, மண் அப்பிய அரைக்கல் ஒன்றை எடுத்தாள். அதில் அதே சுருள், பள்ளமாக. அவர் கல்லோடு சேர்த்தாள். பூட்டும் சாவியுமாகப் பொருந்தியது.

"இது எங்கே கிடைச்சுது?"

"நீங்க சொன்ன இடத்துலதான். மூணாவது தூண். கடல்ல வாழ்ந்து கல்லாப் போன உயிருங்க இது. ஒட்டின மண்ணை வச்சு எந்த அடுக்குல இருந்துச்சுன்னும் பார்த்தாச்சு, நேத்தே பதிவும் பண்ணியாச்சு. உங்க பாதிக்குத்தான் பல்லு விளக்கி விட்டுட்டீங்களே!"

"அப்ப... என் பேரு?"

"உங்களை விட்டுடுவேனா?"

அடுத்த வாரமே கண்ணாடிப் பெட்டி வந்தது. 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் பெரிய எழுத்தில் அவள் பெயர், படிப்பு, பதவி எல்லாம் இருந்தன. அதற்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்தால் தெரிகிற எழுத்தில் ஒரு வரி:

'மறு பாதி: மேற்படியாரின் கணவர்.'