ஒரே ஒரு சின்ன மாற்றம்

‘ஒரே ஒரு சின்ன மாற்றக்காரர்’ என்று ஓர் இனம் சென்னையில் பெருகிவிட்டது, கவனித்தீர்களா? முன்பெல்லாம் இவர்கள் தையற்காரரின் உயிரை வாங்குவதோடு நின்றுவிடுவார்கள். உங்கள் நகையை நீங்களே கைப்பேசியில் வடிவமைக்கலாம் என்று அடையாறில் ஒரு கம்பெனி ஆரம்பித்தாலும் ஆரம்பித்தது, இவர்களுக்கு அடித்தது யோகம்.

மாதிரிக்கு மயிலாப்பூர் ஸ்ரீரங்கனைப் பாருங்கள். ஆவணியில் அவருக்கு நிச்சயதார்த்தம். மோதிரம் எப்படி இருக்கவேண்டும் என்று கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணைக் கேட்டார். “கல்லெல்லாம் வேண்டாம், சிம்பிளா இருந்தா போதும்” என்றாள் அனன்யா. அதோடு விட்டாரா? வைரம்தான் வேண்டும் என்ற அக்காவையும், மரகதம்தான் ராசி என்ற ஜோசியரையும், ரோஸ் கோல்டுதான் இப்போது ஃபேஷன் என்ற ஆபீஸ் நண்பரையும், கடைசியில் லிஃப்டில் கூட வந்த முன்பின் தெரியாத ஒருவரையும் கேட்டு, ஒவ்வொரு தடவையும் கம்பெனியில் ஆர்டர் எடுக்கும் சிந்துவுக்குப் போன் போட்டார்.

“சிந்து, ஒரே ஒரு சின்ன மாற்றம்.”

“சார், இது பதினேழாவது. கன்ஃபர்ம் பண்ணப்புறம் செய்யறதுக்கே பத்து நாள் ஆகும். இன்னிக்குப் பண்ணலன்னா நிச்சயத்துக்கு மோதிரம் வராது.”

“பண்ணிடறேம்மா. ஆத்துல ஒரு வார்த்தை கேட்டுண்டு...”

‘உறுதி செய்’ என்ற பொத்தானுக்கு மேல் கட்டைவிரல் போகும். நிற்கும். திரும்பிவிடும். அழுத்திவிட்டால் மற்ற ஆயிரம் மோதிரங்களும் கைவிட்டுப் போய்விடுமே!

நிச்சயதார்த்தம் வந்தது. மோதிரம் வரவில்லை. “மோதிரத்தை எடுங்கோ” என்றார் வாத்தியார். ஸ்ரீரங்கன் சபை நடுவே கைப்பேசியை நீட்டினார். திரையில் மோதிரம் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

“இதை எந்த விரல்ல போடறது?” என்றார் வாத்தியார்.

அனன்யாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனால் கெட்டிக்காரி, இப்படி ஆகும் என்று தெரிந்தே முந்தின நாள் தி. நகரில் பத்து நிமிஷத்தில் ஒரு மோதிரம் வாங்கி வைத்திருந்தாள். கல் கிடையாது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு விரலை நீட்டினாள். ஸ்ரீரங்கன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“நன்னாத்தான் இருக்கு. ஒரே ஒரு சின்ன...”

அனன்யா விரலை மடக்கிக்கொண்டாள்.

இப்போது ஸ்ரீரங்கன் வீட்டார் வேறு தேதி பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். அவள் இன்னும் உறுதி செய்யவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், எல்லாம் சரி, கதையின் முடிவை மட்டும் கொஞ்சம் மாற்றி, அவளை விரல் நீட்ட வைத்திருக்கலாம் என்று இப்போது உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? சிந்துவின் நம்பர் தரட்டுமா?